பேர் மாறி வந்த கடிதம்

‘நரம்பை எடுத்துவிட்டால் அது பல் அல்ல. பிணம். பிணத்தை வாயில் வைத்துக்கொண்டு யாராவது சோறு சாப்பிடுவார்களா?’

ஹாஃபிஸாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வலது கன்னத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, திரையில் அடுத்த வரிக்குப் போனாள்.

திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புகள், ஒரு கால் ஆடும் நாற்காலி, எழுத்து அழிந்துபோன கீபோர்டு. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், ஆவணி பிறந்திருந்தது.

முந்தின நாள்தான் சிவகாசியில் பல் டாக்டர் ஹரிஷ்குமாரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இளவயசு டாக்டர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்பு வரை போய்விட்டது, உள்நரம்பை எடுத்து அடைக்கிற ரூட் கெனால் செய்தால் பல்லைக் காப்பாற்றலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்றார். கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டாள். யாரோடு கலந்து பேசுவது என்பது படி இறங்கும்போதுதான் உறைத்தது.

கணவர் தவறிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. பிள்ளை இல்லை. அண்ணன் சைஃபுல்லாவுக்கு விருதுநகரில் பருப்பு மண்டி. பெருநாளைக்குப் பெருநாள் போன் வரும். ‘நல்லாருக்கியா’ என்பார். ‘நல்லாருக்கேண்ணே’ என்பாள். பின்னால் மூட்டை இறக்கும் சத்தம் கேட்கும். வைத்துவிடுவார்.

அதனால்தான் கம்ப்யூட்டரிடம் கேட்டாள். ‘ரூட் கெனால் ஆபத்தா?’ என்று தமிழில் தட்டினாள். அச்சகத்தில் தினமும் தட்டுகிற கை, தடுமாறவில்லை.

பதில் கொட்டியது. முதலில் வந்தது ‘பல்லும் பகையும்’ என்ற வலைப்பூ. எழுதுகிறவர் பேர் இயற்கைநேசன். செத்த பல்லுக்குள் கிருமிகள் ஒளிந்திருக்கும், அவை ரத்தத்தில் கலந்து இருதயத்தைப் பிடிக்கும், புற்றுநோய் வரும், டாக்டர்கள் இதையெல்லாம் மறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ‘கிருமிகள்’ என்பதில் ‘ள்’ போய் ‘ல்’ விழுந்திருந்ததைப் பார்த்து அவள் கை தானாகத் திருத்தப் போனது. தொழில் புத்தி. தேடியதில் வேறு மூன்று தளங்களும் அதையே சொல்லின. ஒருத்தர் சொன்னால் சந்தேகப்படலாம். நாலு இடத்தில் இருக்கிறதே.

பக்கத்தின் அடியில் பலர் கருத்து எழுதி, ‘என் மெயிலுக்குப் பதில் போடவும்’ என்று முகவரியையும் விட்டிருந்தார்கள். அவளும் விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் கடிதம் வந்திருந்தது.

‘அன்புள்ள சகோதரி ஹாஃபிஸா, உங்கள் வலி எனக்கும் வலிக்கிறது. முதலில் ஒன்று சொல்லுங்கள். சாப்பிட்டீர்களா?’

அந்த வரியைத் தாண்ட அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாப்பிடவில்லை. வலி. சாப்பிட்டதா இல்லையா என்று யாரும் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் நேரே அந்த மாடிதான். காலையில் நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொன்னார். கிராம்பும் உப்பும் அரைத்து வைக்கச் சொன்னார். தன்னிடம் எதையும் வாங்கச் சொல்லவில்லை, அதுவே அவளுக்குப் பெரிய நம்பிக்கை. அவள் நீளநீளமாக எழுதினாள். பல்லைப் பற்றி இரண்டு வரி, மற்றதெல்லாம் வேறு. வீட்டில் விளக்கு போடாமலே உட்கார்ந்திருப்பது, ஒருத்திக்கு மட்டும் உலை வைக்கும்போது அரிசி எப்போதும் கூடிப்போவது. அதற்கெல்லாம் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் ‘அன்புள்ள சகோதரி ஹாஃபிஸா’ என்று ஒரு கடிதம் மட்டும் தவறாமல் வந்தது. போதாதா?

புரட்டாசி நடுவில் ஒருநாள் விழித்தபோது வலி இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள். இல்லை. குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தாள். இல்லவே இல்லை.

எழுதினாள். மறுநாள் அவர் வலைப்பூவின் உச்சியிலேயே அது வெளியாகியிருந்தது: ‘ரூட் கெனாலை மறுத்தார், குணமானார். சிவகாசி சகோதரியின் அனுபவம்.’ பேர் போடவில்லை. ஆனால் வரிகள் அவளுடையவை. கீழே யார் யாரோ வாழ்த்தியிருந்தார்கள். அன்றைக்கு அவள் இறங்கிப்போய் ஒரு கிலோ மட்டன் வாங்கினாள். பாதிக்கு மேல் மிஞ்சியது.

தீபாவளி முடிந்தது. வெடி ஆலைகள் மூடிக் கிடக்க, காலண்டர் அச்சகங்களில் சீசன் சூடுபிடித்தது.

வெள்ளைத்துரை அண்ணாச்சியின் அச்சகத்தில் ஹாஃபிஸாவுக்குப் பேர் மாற்றுகிற வேலை. காலண்டர் அட்டையில் சாமி படம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஒரே அச்சுப் பிளேட்டில் ஓடிவிடும். படத்துக்குக் கீழே வெறுமையாக விட்ட பட்டையில் மட்டும் கடைப் பேர் மாறும். மிளகாய் மண்டி, நகைக்கடை, டயர் கடை, ஜவுளிக்கடை. கம்ப்யூட்டரில் அந்தப் பேர்களை மாற்றி மாற்றி வைப்பவள் அவள். வாங்குகிற ஒவ்வொருவரும் அது தன் கடைக்கென்றே அடித்த காலண்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வாரம் கன்னம் லேசாகத் தடித்தது. முக்காட்டை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டாள். அட்டைக்குத் தகரப்பட்டி அடிக்கிற பஞ்சம்மாள் கண்ணில் அது படாமலா இருக்கும்? ஹாஃபிஸா என்ற பேர் அவள் வாயில் நுழையாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ‘ஆபீஸு’தான்.

“ஏ ஆபீஸு, என்னத்தா, கன்னத்துல பணியாரத்த ஒதுக்கி வச்சிருக்க?”

கொசு கடித்துவிட்டது என்றாள் ஹாஃபிஸா. அம்புட்டுப் பெரிய கொசு எந்த ஊரில் இருக்கிறது, பிடித்துக் கொடு, கோழிக்குப் பதிலாக வளர்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஞ்சம்மாள் சுத்தியலை எடுத்துக்கொண்டாள்.

இயற்கைநேசனுக்கு எழுதினாள். பதில் வந்தது. இது விஷம் வெளியேறுவதற்கான அறிகுறி, பயப்பட வேண்டாம், டாக்டரிடம் மட்டும் போய்விடாதீர்கள் என்றது.

வீக்கம் தாடைக்கு இறங்கியது. வாய் முழுசாகத் திறக்கவில்லை. மறுபடி எழுதினாள்: ‘பயமாக இருக்கிறது. உங்களோடு போனில் பேசலாமா?’

மறுநாள் உடம்பெல்லாம் வெதுவெதுவென்று இருக்க, மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். பதில் காத்திருந்தது. திறந்தாள்.

‘அன்புள்ள சகோதரி ஆர்த்தி, உங்கள் வலி எனக்கும் வலிக்கிறது. முதலில் ஒன்று சொல்லுங்கள். சாப்பிட்டீர்களா?’

ஆர்த்தியா?

வேறு யாராவதாக இருந்தால், அவசரத்தில் ஆள் மாறிப்போயிருக்கிறது என்று விட்டிருப்பார்கள். ஹாஃபிஸாவால் முடியவில்லை. போன சீசனில் நகைக்கடைக்குப் போன காலண்டர் கட்டுக்குள் டயர் கடைப் பேர் இருந்து, அச்சகமே அல்லோலகல்லோலப்பட்டது. அன்றைக்கு நகைக்கடைக்காரர் கேட்ட கேள்வி அவளுக்கு மறக்கவில்லை: ‘அப்ப அவனுக்கும் இதே படமாய்யா?’ பேர் மாறி வந்தால்தான் தெரியும், அடித்தது தனக்காக இல்லை என்று.

தன் முதல் கடிதத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வலி, சாப்பாடு, எண்ணெய், கிராம்பு. அச்சு அசல். ஒரே படம், ஒரே பிளேட். பட்டையில் பேர் மட்டும் வேறு. இரண்டு மாதமாக அவள் விளக்கில்லாத வீட்டைப் பற்றியும் மிஞ்சிய சோற்றைப் பற்றியும் எழுதியதையெல்லாம் அந்தப் பக்கம் யாரும் படித்திருக்கவில்லை.

சட்டென்று இன்னொன்று தட்டியது. அந்த நாலு தளங்களையும் வரிசையாகத் திறந்தாள். முதலாவதில் ‘கிருமிகல்’. இரண்டாவதில் ‘கிருமிகல்’. மூன்றாவது, நாலாவது, அதே வரி, அதே ‘ல்’. நாலு பேர் சொல்லவில்லை. ஒருத்தர் சொன்னதை மூன்று பேர் எடுத்துத் தங்கள் பேரைப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

அதனாலேயே அது பொய் என்று ஆகிவிடாது. அதுவும் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் தான் எதை நம்பி இந்தக் கன்னத்தோடு உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிட்டது.

கடிதத்தின் கடைசிப் பத்திக்கு வந்தாள். அங்கே அவளே இருந்தாள்.

‘சிவகாசி சகோதரி ஒருவர் குணமானதைப் படித்தீர்கள்தானே? நீங்களும் துணிந்து இருங்கள்.’

மறுநாள் காலை அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவளுக்கு எழுத்துகள் மிதந்தன. பஞ்சம்மாள் வந்து முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். அவளுக்குக் கேலி வரவில்லை. நெற்றியில் கையை வைத்தவள், அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இவளை இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள். மினி பஸ்ஸில் போகும்போது ஹாஃபிஸா திறக்காத வாயைத் திறந்து கொஞ்சம் சொன்னாள். கேட்டுவிட்டுப் பஞ்சம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்:

“அவன் உன் வாயத் தொறந்து பாத்தானா? பாக்கல. அப்புறம் எப்புடிச் சொன்னான்?”

டாக்டர் வாசலில் இவளை இறக்கிவிட்டுவிட்டு அவள் திரும்ப ஓட வேண்டியிருந்தது. அட்டை குவிந்து கிடந்தது. ‘கூட யார் வந்திருக்கா?’ என்று உள்ளே நர்ஸ் கேட்டபோது, ஹாஃபிஸா யாருமில்லை என்று கையை விரித்தாள்.

ஹரிஷ்குமார் வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். புது எக்ஸ்ரே எடுத்தார். வேரடியில் கறுப்பாக ஒரு வட்டம்.

“எம்புட்டு நாளா வலி இல்லாம இருந்துச்சு?”

“புரட்டாசிலேருந்து. எண்ணெய்ல சரியாப்போச்சுன்னு நெனச்சேன் டாக்டர்.”

“சரியாகலம்மா. நரம்பு செத்துருச்சு. அதான் வலிக்கல. உள்ள இருந்த கிருமி கீழ எலும்புக்கு எறங்கிருச்சு.”

அவள் எக்ஸ்ரேயையே பார்த்தாள். “அப்ப இத்தன நாளும் செத்த பல்லைத்தான் வாய்ல வச்சிருந்தேனா?”

“ஆமா. சுத்தம் பண்ணாம.”

அவள் விடவில்லை. இத்தனை நாள் விழுங்கியதையெல்லாம் கேட்டுவிட வேண்டும்போல் இருந்தது. ரூட் கெனால் செய்தால் இருதயம் கெடும், புற்றுநோய் வரும் என்கிறார்களே, அது உண்மையா? டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒருத்தர் அப்படிச் சொன்னார், அப்போது அதை நம்பிப் பல்லைப் பிடுங்கித் தள்ளினார்கள், அப்புறம் மற்றவர்கள் ஒழுங்காகச் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை என்றார். பல்லுக்குள்தான் நரம்பு இல்லை, சுற்றியிருக்கும் எலும்பும் ஈறும் உயிரோடுதான் இருக்கும் என்றார்.

“அப்ப ஒரு கெடுதலும் கிடையாதா?”

“அப்படியும் சொல்லமாட்டேன். பெரும்பாலும் நிக்கும். சிலது நிக்காது. திரும்பத் திறந்து செய்யணும், இல்ல எடுக்கணும். நான் செஞ்சதுலயே அப்படி ஆகியிருக்கு. உங்களுக்கு வேண்டாம்னா எடுத்துரலாம், அதுவும் வைத்தியம்தான். ரெண்டுல ஒண்ணு. சும்மா விடுறதுதான் உசுருக்கு ஆபத்து. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வீக்கம் தொண்டைக்கு எறங்கி மூச்சை அடைச்சிருக்கும்.”

இயற்கைநேசன் இத்தனை கடிதத்தில் ஒருமுறைகூட, ‘சிலருக்கு இது பலிக்காது’ என்று எழுதியதில்லை. இந்த மனிதர் தன் வேலையில் உள்ள ஓட்டையைத் தானே காட்டுகிறார். ஹாஃபிஸா வாயை முடிந்தவரை திறந்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லைத் திறந்தார். சீழ் வடிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமமாக இருந்தால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு வந்து காட்டுங்கள், வீக்கம் வற்றின பிறகு வேர்களைச் சுத்தம் செய்து அடைக்கலாம் என்றார்.

வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்க வேண்டியவள். ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, உதடு ஒரு பக்கம் தொங்க, சாயங்காலம் மறுபடி அந்த மாடிக்குத்தான் ஏறினாள். ஆர்த்தி என்று ஒருத்தி எங்கேயோ கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சிவகாசி சகோதரியை நம்பி.

இயற்கைநேசனுக்கு எழுதினாள். நான் குணமாகவில்லை, சீழ் கட்டி டாக்டரிடம் போனேன், என் அனுபவத்தை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இதையும் கீழே போடுங்கள். வலைப்பூவிலும் அதையே கருத்தாகப் போட்டாள். ‘உரிமையாளர் பார்த்த பின் வெளியாகும்’ என்று வந்தது. வெளியாகவில்லை. பதில் மட்டும் சீக்கிரமே வந்தது.

‘ஹாஃபிஸா, நீங்கள் ஊசிக்குப் பயந்து விலைபோய்விட்டீர்கள். உங்களைப் போன்ற கோழைகளால்தான் உண்மை தோற்கிறது. இனி எனக்கு எழுத வேண்டாம்.’

அன்புள்ள இல்லை. சகோதரி இல்லை. அவர் அவளுக்காகவே உட்கார்ந்து எழுதிய முதல் கடிதம் அதுதான். கண்ணீர் இறங்கியதை மரத்துப்போன கன்னம் உணரவில்லை.

பிறகு தன் அனுபவத்தின் கீழே இருந்த கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே இறங்கினாள். வாழ்த்து, வாழ்த்து, வாழ்த்து. நடுவில் இருந்தாள். ‘எனக்கும் டாக்டர் ரூட் கெனால் சொன்னார். இதைப் படித்ததும் தைரியம் வந்தது. ஆர்த்தி, ஈரோடு.’ பக்கத்தில் மெயில் முகவரி.

கடிதம் எழுத ஆரம்பித்தாள். ‘அன்புள்ள சகோதரி’ என்று விரல் போனது. அழித்தாள்.

‘ஆர்த்தி, அந்தச் சிவகாசிக்காரி நான்தான். வலி நின்றது உண்மை. குணமானது பொய். இன்றைக்குத்தான் சீழ் எடுத்தார்கள். உங்களுக்கு வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் இன்றே டாக்டரிடம் போங்கள். ஹாஃபிஸா.’

மறுநாள் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து திறந்தபோது பதில் இருந்தது. ஒரே வரி.

‘நீங்கள்தான் அவர் என்று நான் எப்படி நம்புவது?’

ஹாஃபிஸாவுக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம், தான் ஆவணியிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது என்று பட்டது. அவள் தட்டினாள்:

‘நம்ப வேண்டாம். நான் சொன்னேன் என்று போகாதீர்கள். உங்கள் வாயைத் திறந்து பார்க்கிற ஒருத்தரிடம் கேளுங்கள். அவர் சொல்வது பிடிக்காவிட்டால் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். இது என் போன் நம்பர்.’

படி இறங்கினாள். போனைப் பையில் போடவில்லை. பஸ் நிறுத்தத்தில் பட்டாசு ஆலைப் பெண்கள் வேலையில்லாத பேச்சு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி வீட்டுத் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

எடுத்தாள். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு பெண் குரல்.

“கீழ் வரிசைங்க. இடது பக்கம்.”

“வாய் முழுசாத் திறக்குதா?”

“இல்லீங்க.”

“காய்ச்சல்?”

“நேத்திருந்து இருக்குதுங்க.”

“எச்சி முழுங்க முடியுதா? மூச்சு விடச் சிரமமா இருக்கா?”

“மூச்சு நல்லாத்தான் இருக்குங்க. முழுங்குனா வலிக்குது.”

ஹாஃபிஸா ஒரு மின்கம்பத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். “வீட்ல யாரும்மா இருக்கா?”

“யாரும் இல்லீங்க.”

அந்த வார்த்தையை அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். இன்னொருத்தர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

“சரி. செருப்ப மாட்டுங்க. வீட்டப் பூட்டுங்க. பல் டாக்டர் இருக்காரா பாருங்க, இல்லன்னா நேரா பெரியாஸ்பத்திரி. நான் வைக்கல, லைன்லயேதான் இருக்கேன்.”

அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அப்புறம் தெருச் சத்தம். ஹாஃபிஸா வீட்டுக்குப் போகும் தெருவில் திரும்பாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மெயின் ரோட்டிலேயே மெல்ல நடக்கத் தொடங்கினாள்.

“நடக்குறீங்களா ஆர்த்தி?”

“நடக்கறனுங்க.”